மாமனாருக்கு ஒரு முன்பிரேக்

ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் எது கெட்டுப்போனாலும் ரப்பரை வைத்துச் சரிபண்ணிவிடலாம் என்று தோன்றும். கூரை ஒழுகினால் ரப்பர், செருப்பு வாய் பிளந்தால் ரப்பர், வாளி ஓட்டையா, அதற்கும் ரப்பர். எங்கள் சுங்கை லாலாங் பக்கத்தில் இந்த வியாதி எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. எனக்கு முற்றிப்போயிருந்தது. எழுபதுகளில் அது என் கல்யாணத்தையே காவு வாங்கப் பார்த்தது.

அப்போது எனக்குத் தோட்டத்து ஸ்மோக் ஹவுஸில் வேலை. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு விறகுப் புகையில் வாட்டுவது என் உத்தியோகம். (உத்தியோகம் என்று நான்தான் சொல்வேன். அம்மா, "அடுப்பு ஊதுறான்" என்பார்.) என் ஒரே சொத்து ஒரு மோட்டார் சைக்கிள். சீமைக்குத் திரும்பிய சின்ன துரை, கொட்டகையில் போட்டுவிட்டுப் போன அரதப் பழைய டிரையல்ஸ் வண்டி. காலைத் தரையில் ஊன்றாமல் பாறை, மேடு, ஓடை என்று ஊர்ந்து ஏறுகிற போட்டிக்காகச் செய்தது. ஏறுவதற்கென்றே பிறந்த வண்டி. நிற்பதைப் பற்றி அதைச் செய்தவர்கள் அவ்வளவாக யோசிக்கவில்லை. பின்பிரேக் பேருக்கு இருந்தது. முன்பிரேக் பேருக்குக்கூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இது ஊருக்கே தெரிந்துபோயிற்று. பூசைக்குப் போனவன், கோயில் வாசலில் நிறுத்த முடியாமல், வேகம் தானாகக் குறையட்டும் என்று மாதா சிலை இருக்கிற கெபியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ("பாவம், என்ன நேர்த்திக்கடனோ!" என்று ஒரு அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார்.) அந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் படியில் நின்று பார்த்தவர் சூசை மாமா. சுங்கை பட்டாணி பஸ் டிரைவர். பாடற்குழுவில் பாடும் ரோஸ்லினின் அப்பா. அந்த ரோஸ்லினைத்தான் நான் பெண் கேட்டிருந்தேன். மாமா பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பதில் வந்துவிட்டது.

"இங்க பாரு தம்பி. குடிக்கிறியான்னு கேக்கல. சம்பளம் எவ்ளோன்னு கேக்கல. பிரேக் இல்லாத வண்டியில எம்மகள ஏத்த மாட்டேன். அடுத்த ஞாயிறு பூசை முடிஞ்சதும் நான் பின்னால உக்காருவேன். நிறுத்திக் காட்டு. வண்டி நின்னா பொண்ணு. நிக்கலன்னா வேற எடம் பாத்துக்க."

அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். ரோஸ்லின் என்னைப் பார்த்தாள். எப்படியாவது நிறுத்தித் தொலையேன் என்று கெஞ்சியது அந்தப் பார்வை.

மறுநாள் பீடோங்கில் இருந்த மோட்டார் கடைக்கு ஓடினேன். கடை முதலாளி, சீனத் தவ்கே, முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே இருந்த பிரேக் கட்டைகளைக் காட்டினார். அவற்றின் மேல் இருக்க வேண்டிய பட்டை தேய்ந்தே போயிருந்தது.

"இது பழைய சாமான் லா. பினாங்குல கேக்கணும். ஒரு மாசம்."

ஒரு மாசமா! கட்டைகளோடு வீட்டுக்கு வந்து யோசித்தேன். என் மூளை அன்று வேலை செய்த விதத்தை நினைத்தால் எனக்கே புல்லரிக்கிறது. டயர் ரோட்டை எதனால் பிடிக்கிறது? ரப்பரால். அப்படியானால் பிரேக்குக்கு என்ன வேண்டும்? ரப்பர்! ஸ்மோக் ஹவுஸில் குமிழி விழுந்த ஷீட் ஓரங்களை வெட்டிப் போடுவோம். அதில் நல்லதாகப் பொறுக்கி (கல்யாண விஷயம், ஏனோதானோ என்று எடுக்க முடியுமா?) பட்டையாக நறுக்கி, பஞ்சர் பசையால் கட்டைகளில் ஒட்டினேன். டயர் ரப்பர் கந்தகம் சேர்த்து வேகவைத்தது, எங்கள் ஷீட் வேகாத பச்சை ரப்பர், சூடு பட்டால் அல்வாவாகிவிடும் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். காதலிக்கிறவனுக்குத் தெரிந்ததெல்லாம் சமயத்தில் ஞாபகம் வருமா என்ன?

சனிக்கிழமை வாசலில் ஓட்டிப் பார்த்தேன். பிடியைத் தொட்டதும் டக்கென்று நின்றது. குனிந்து சக்கரத்துக்கு ஒரு முத்தம் கொடுத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்தது. மாமா வெள்ளைக் கால்சட்டையில் வந்தார். அந்த வண்டிக்குப் பின்சீட் கிடையாது. மட்கார்டின் மேல் கோணிச்சாக்கை மடித்துக் கட்டியிருந்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே அதில் உட்கார்ந்தார். கோயில் வாசலிலேயே ஒரு ஓட்டம் ஓட்டி பிரேக்கைப் பிடித்தேன். நின்றது! மாமாவின் மூக்கு என் முதுகில் இடித்தது.

"அட, பரவாயில்லையே!" என்றார்.

அதோடு விட்டிருந்தால் கதை சுபம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"இது சமதரை மாமா. மேட்டுல ஏறி இறக்கிக் காட்டுறேன் பாருங்க!"

கோயிலுக்குப் பின்னால் இருந்த குன்றில் வண்டி ஆடு மாதிரி ஏறியது. இறங்கும்போது என் திறமையைக் காட்ட பிரேக்கைப் பிடித்தபடியே வந்தேன். பாதி வழியில் மாமா மூக்கை உறிஞ்சினார்.

"தம்பி, ஸ்மோக் ஹவுஸ் வாசம் அடிக்குது."

எனக்கு மானமே போயிற்று. சட்டையைத் துவைத்து, பவுடரைக் கொட்டிக்கொண்டு வந்தும் போகவில்லையே!

"என் மேலதான் மாமா. நம்ம வேலை அப்படி. மன்னிச்சுக்குங்க."

"சரி, சரி. உழைக்கிறவன் மேல வாசம் வரத்தான் செய்யும்," என்றார் பெருந்தன்மையாக.

கொஞ்ச தூரம் போனதும், "தம்பி, உன் மேல இருந்து பொகையும் வருது லா!" என்று அலறினார்.

குனிந்து பார்த்தேன். முன்சக்கரம் குபுகுபுவென்று புகைந்துகொண்டிருந்தது. பிடியை விட்டேன். பிரேக் விடவில்லை. வேகம் குறைந்து குறைந்து, குன்றடியில் பெரிய ரோட்டுக்கு நட்டநடுவில் வந்ததும் சக்கரம் இறுகி, வண்டியின் பின்பக்கம் மெல்ல எழும்பியது. மாமா என் தோள் மேல் ஏறி, ஹேண்டில்பாரைத் தாண்டி, முன்மட்கார்டில் ஒரு கணம் உட்கார்ந்து, அப்புறம் ரோட்டில் வழுக்கி இறங்கினார். நல்லவேளை, இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை.

வண்டியைத் தள்ளினேன். அசையவில்லை. மாமாவும் தள்ளினார். ம்ஹும். அல்வாவாக உருகிய ரப்பர் சக்கரத்தை அப்படியே ஒட்டிப் பிடித்திருந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஹார்ன் சத்தம். வந்தது மாமா தினமும் ஓட்டுகிற அதே பஸ், ஞாயிற்றுக்கிழமை மாற்று டிரைவரோடு!

"என்ன சூசை அண்ணே, லீவு நாள்லயும் ரோட்டுலதானா?" என்று கேட்டார் அவர்.

பஸ்ஸிலிருந்தவர்கள் இறங்கினார்கள். கோயில் வாசலில் நின்ற சனம் ஓடிவந்தது. கடைசியில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, திருநாளில் மாதா சுரூபத்தைத் தூக்குகிற மாதிரி என் வண்டியைத் தோளில் தூக்கிப்போய் ஓரத்தில் வைத்தார்கள். (யாரோ ஒரு புண்ணியவான் பாட்டும் எடுத்துக்கொடுத்தான்.)

மாமா தன் கால்சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இவனுக்கா பொண்ணு? ஒருக்காலும் மாட்டேன்!"

போயிற்று, ரோஸ்லின் எனக்கில்லை என்றே நினைத்துவிட்டேன். அப்போதுதான் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அப்பா, வண்டி நின்னுச்சா இல்லியா?"

"நின்னுச்சு. ஆனா..."

"நின்னா பொண்ணுன்னு எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. திரும்பக் கெளம்பணும்னு சொன்னீங்களா?"

மாற்று டிரைவர், "நியாயம்தான அண்ணே! இனி யாராலயும் இத நகத்த முடியாது. இதுக்கு மேல எப்படி நிக்கும்?" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமா அந்தச் சக்கரத்தை ஒரு உதை விட்டுப் பார்த்தார்.

"சரி. கட்டிக்குடுக்கிறேன். ஆனா ஒண்ணு. எம்மக கூட எங்க போனாலும் இவன் ஓட்டக் கூடாது. அவதான் ஓட்டணும்."

கல்யாணத்துக்கு முன்பே ரோஸ்லின் லைசன்ஸ் எடுத்துவிட்டாள். மாமா இறந்து வருஷக்கணக்காகிறது, அவர் சட்டம் மட்டும் அமலில் இருக்கிறது. அலோர் ஸ்டாருக்கு மகள் வீட்டுக்குப் போனாலும் கார் ஸ்டியரிங் ரோஸ்லின் கையில்தான், பக்கத்தில் நான். போன வாரம் பேரன் பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "பாட்டி, தாத்தா ஏன் ஓட்டறதே இல்ல?" என்று கேட்டான்.

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"தாத்தா ஓட்டுனா வண்டி ரொம்ப நல்லா நிக்கும் கண்ணு. நாம இன்னிக்கே போய்ச் சேரணும்ல?"