சிம்பிள் என்றால் எத்தனை பேர்?

அகராதியை நம்பிப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் நடத்திய அம்மா இந்தப் பக்கத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நாங்கள் ஆத்தூர். மாப்பிள்ளை வீட்டார் திருச்செங்கோடு. ஆழ்துளைக் கிணறு போடும் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா போனில் சொன்னார்: "நிச்சயத்த உங்க ஊட்டுலயே வெச்சுக்கலாமுங்க சம்பந்தி. நாங்க சிம்பிளாத்தான் வாரோமுங்க."

சிம்பிள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். (நான் ஆங்கில இலக்கியம் படித்தவள் வேறு.) இருபத்தைந்து பேருக்குச் சமைக்கச் சொன்னேன்.

"எதுக்கும் எத்தனை பேருன்னு கேட்டுடேன்" என்றார் என் கணவர்.

"சிம்பிள்னு சொன்னவங்ககிட்ட தலையை எண்ணிக் கேட்டா அசிங்கமா இருக்காதா?"

நிச்சயதார்த்தத்தன்று காலை தெருமுனையில் ஒரு பேருந்து திரும்பியது. பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால், இடம் கிடைக்காதவர்களை ஏற்றிக்கொண்டு, ரிக்கோடு ஊர் ஊராகப் போகும் லாரி.

"ஏதோ மாநாட்டுக்குப் போறாங்க போல" என்றேன்.

"மாநாடு நம்ம வாசல்லதான்" என்றார் கணவர்.

மகள் நித்யா ஜன்னலோரம் பட்டுச்சேலையில் நின்றிருந்தாள். "சாப்பாடு பத்தலைன்னா கல்யாணம் வேண்டாம்னு போயிடுவாங்களாம்மா?" என்றாள். நான் சமையலறைக்குள் ஓடிவிட்டேன்.

சமையலறையில் பதுங்கியிருந்த என்னைச் சம்பந்தியம்மா கண்டுபிடித்தார். சாம்பார்க் குண்டானை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது ஆருக்குங்க?"

"எல்லாருக்கும்தாங்க. நீங்க சிம்பிள்னு…"

"சிம்பிள்தானுங்க சாமி. மாமன் மச்சான் ஊட்டையெல்லாம் உட்டுப்போட்டு பங்காளிகளை மட்டுந்தான கூட்டியாந்திருக்கோம்."

பிறகு வாசல் பக்கம் திரும்பி, "லாரில இருக்கற அடுப்பை எறக்குங்கடா" என்றார்.

ரிக் ஆட்கள் மாதக்கணக்கில் வெளியூரில் கிடப்பவர்கள். அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை, சமையல்காரர் எல்லாம் அந்த லாரியிலேயே இருந்தன. மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வாசலில் சமைத்து எங்களுக்கே பரிமாறினார்கள். என் கணவர் இரண்டாம் முறை சாம்பார் வாங்கிக்கொண்டார் (வெட்கமே இல்லை). மாப்பிள்ளை வெங்காயம் உரித்தார். நித்யா பட்டுச்சேலையோடு பக்கத்தில் போய் உட்கார்ந்து தானும் உரித்தாள்.

அன்றிலிருந்து அந்தச் சொல் எங்கே கேட்டாலும் என் காது நீண்டுவிடுகிறது. 'சிம்பிளா ஒரு வீடு' கட்டியவர் வீட்டில் லிஃப்ட் இருந்தது. 'சிம்பிளா ஒரு செயின்' போட்டிருந்த பெண்ணால் கழுத்தை நிமிர்த்த முடியவில்லை. எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்வதே இல்லை; சொல்கிறவர் எதையெல்லாம் மனசில்லாமல் விட்டுவிட்டார் என்பதைத்தான் சொல்கிறது.

போன வாரம் மாப்பிள்ளை போன் செய்தார். "ஞாயித்துக்கெழமை சாப்பிட வாரோமுங்க அத்தை. சிம்பிளா செஞ்சாப் போதும்."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து கணவரின் குரல்: "லாரி வருதான்னு கேளு."