கொக்கு சாரும் நாற்பத்தொரு ஸ்டூலும்

சீட்டை எழுதியது யார் என்று வியாழக்கிழமைக்குள் கண்டுபிடிக்காவிட்டால் தன் வேலை போய்விடும் என்பது, திங்கள்கிழமை காலை பதினோரு மணிக்கே கொக்கு சாருக்குத் தெரிந்துவிட்டது.

கொக்கு என்பது செக்கிங் பிரிவுப் பெண்கள் வைத்த பெயர். பேசிக்கொண்டே ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் கெண்டைச் சதையில் தேய்ப்பார். கொஞ்ச நேரம் கழித்துக் கால் மாற்றுவார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இதே சட்டைக் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டச் சேர்ந்து, ஒவ்வொரு டேபிளாக ஏறி சூப்பர்வைசர் ஆனவர். ஆனபோது கழுத்தில் ஒரு விசில் மாட்டினார்கள். அதை ஊதக் கூடாது என்று உத்தரவும் போட்டார்கள்.

அன்றைக்குக் காலையிலிருந்தே எதுவும் சரியில்லை. கம்பெனி வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. மனைவி வாசல் வரை வந்து என்னவோ சொன்னாள். ஹாரன் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. "சரி சரி" என்று கையை ஆட்டிவிட்டு ஏறினார். இறங்கும்போது மழை. நனைந்த சட்டையைக் கழற்றிக் கம்பெனி இஸ்திரிக்காரரிடம் கொடுத்துவிட்டு, பனியனோடு நின்றதற்காக மேனேஜரிடம் திட்டு வாங்கினார். சூடாகத் திரும்பி வந்த சட்டையை மாட்டிக் கடைசிப் பொத்தானைப் போடும்போதுதான் பூதக்கண்ணாடியின் குரல் கேட்டது.

"சார், இந்தச் சட்டையில ஒரு சீட்டு இருக்கு."

பூதக்கண்ணாடி செக்கிங்கிலேயே மூத்தவள். பத்தடி தூரத்திலிருந்து ஒரு நூல் பிசிறைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். இஸ்திரி டேபிளிலிருந்து வந்த நீலச் சட்டை அடுக்கில், ஒரு சட்டையின் காலருக்கடியில் ஒட்டிக்கொண்டிருந்ததாம் அந்தச் சீட்டு. மொடமொடவென்று மடிப்புக் கலையாமல் இருந்தது. அவர் போய்ச் சேர்வதற்குள் அவள் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டாள்.

"ஐயா, பத்து மணி நேரம் நின்றே வேலை. சாயங்காலம் கால் வீங்கிப் போகிறது. உட்கார ஒரு ஸ்டூல் கொடுங்கள்."

பெயர் இல்லை. எழுத்துகள் ஒவ்வொன்றும் குண்டு குண்டாக, தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தன.

செக்கிங்கில் நாற்பத்தொரு பேர். தையல்காரர்களுக்காவது பெஞ்சு உண்டு. இவர்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை டேபிள் முன்னால் நின்றபடியேதான் சட்டை பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் கண் சொக்கும் என்பது கம்பெனியின் கண்டுபிடிப்பு.

மேனேஜர் சீட்டை இரண்டு விரலால், செத்த பல்லியைப் போலப் பிடித்தார். "வியாழக்கிழமை நம்ம சட்டையை வாங்கற பையர் அம்மா வர்றாங்க. அவங்க கையில இது கெடைச்சிருந்தா ஆர்டரே போயிருக்கும். எழுதினது யாருன்னு கண்டுபிடி. முடியலைன்னா விசிலைக் கழட்டி வெச்சுட்டுப் போய்ட்டே இரு."

கொக்கு சார் யோசித்தார். எழுத்தைப் பிடித்தால் ஆளைப் பிடித்துவிடலாம். நாற்பத்தொரு பேருக்கும் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து, அதே வாசகத்தை எழுதச் சொன்னார். யாருடையது எது என்று குழம்பக் கூடாதே என்று, கீழே பெயரும் டோக்கன் நம்பரும் போடச் சொன்னார்.

அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினார்கள்.

"பத்து மணி நேரம்."

"பத்து மணி நேரம்."

"நின்றே வேலை."

"நின்றே வேலை."

பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றார்கள். குரலை உயர்த்தினார். அவர்களும் உயர்த்தினார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கொக்கு சார் போராட்டத்தில் இறங்கிவிட்டார் என்று யாரோ சொல்ல, தையல்காரர்கள் பெஞ்சைத் தட்டி ஆதரவு கொடுத்தார்கள். அவர் ஓடிப்போய், கோஷம் இல்லை, பரிசோதனை என்று விளக்கினார். அவர்கள் புரிந்துகொண்டதாகத் தலையாட்டி, இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

எழுதுகிற இடத்திலும் தகராறு. ஒருத்தி பேனாவை வைத்துவிட்டாள்.

"பத்து மணி நேரம்னு எழுத மாட்டேன் சார். ஓவர்டைம் சேர்த்தா பன்னெண்டு. பொய்க்குக் கையெழுத்துப் போட எங்க வீட்ல பழக்கமில்ல."

சரி, உண்மையையே எழுதித் தொலை என்றார். அது தப்பாகப் போயிற்று. ஆளாளுக்கு உண்மையை எழுத ஆரம்பித்தார்கள். ஒருத்தி முழங்கால் என்று சேர்த்தாள். ஒருத்தி, ஸ்டூலுக்குச் சாய்வு இருந்தால் நல்லது என்று எழுதினாள். எழுதத் தெரியாமல் கடைசி வரிசையில் ஒருத்தி தலைகுனிந்து நின்றாள். கொக்கு சாருக்கு மனசு கேட்கவில்லை. "இதுல என்னம்மா வெக்கம், என் வீட்டுக்காரியே கைநாட்டுதான்" என்று சொல்லி, அவளுக்காகத் தானே எழுதிப் பெருவிரலை வைக்கச் சொன்னார்.

மதியத்துக்குள், அதுவரை ஸ்டூலைப் பற்றி நினைத்தே பார்க்காதவர்கள் எல்லாம், ஸ்டூல் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று விவாதிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நாற்பத்தொரு சீட்டில் ஒன்றுகூட அந்தக் குண்டு எழுத்தோடு ஒத்துப்போகவில்லை. பூதக்கண்ணாடிதான் பக்கத்தில் வந்து, மெதுவாக விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"சார், காலையில பேரில்லாத சீட்டு ஒண்ணு இருந்துச்சு. இப்ப பேரு, நம்பர், ரேகையோட நாப்பத்தொண்ணு இருக்கு. எங்க சங்கத்து ஆளுங்க வருஷக்கணக்கா கையெழுத்து கேட்டு அலைஞ்சாங்க, எவளும் போடல. நீங்க ஒரு மணி நேரத்துல வாங்கிட்டீங்க."

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வரும் செருப்புச் சத்தம். அவர் நாற்பத்தொரு சீட்டையும் கட்டாக அப்படியே டேபிளுக்கடியில் இருந்த ஒரு காலி அட்டைப்பெட்டிக்குள் போட்டுக் காலால் தள்ளினார்.

"நீயே கோஷம் போட்டியாமே?" என்றார் மேனேஜர்.

இல்லை என்று நிரூபிக்க அவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் பெட்டியை மறந்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மனைவி சொம்புத் தண்ணீரை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"மேனேஜர் என்ன சொன்னார்?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பெனி விவகாரம் அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டதே. ஞாயிற்றுக்கிழமை காலையானால் பக்கத்துத் தெரு மகளிர் மன்றத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அங்கே ஊர்க்கதை பேசுகிற பழக்கம்தான் இப்படிக் காதை நீட்ட வைக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அந்த ஆளைப் பற்றிப் பேசாதே என்று சொல்லிவிட்டுப் படுத்தார். செவ்வாயும் அதையே கேட்டாள். புதனும் கேட்டாள். புதன்கிழமை அவர் சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டார்.

ஏனென்றால் புதன்கிழமை சாயங்காலம் பேக்கிங்காரர் சந்தோஷமாக வந்து, எல்லாப் பெட்டியும் ஒட்டியாச்சு சார், கார்டும் போட்டாச்சு என்றார்.

"எந்தக் கார்டு?"

பையர் அனுப்புவதாகச் சொன்ன கார்டுதான். ஒவ்வொரு சட்டைப் பையிலும் 'மகிழ்ச்சியான கைகள் தைத்த சட்டை' என்று அச்சடித்த ஒரு கார்டு வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. கார்டு வந்து சேரவில்லை. பேக்கிங்காரருக்குப் படிக்க நேரமும் இல்லை, வழக்கமும் இல்லை. உள்ளங்கை அளவில் ஒரு கட்டுக் காகிதம் பெட்டியில் இருந்தால், அது சட்டைப் பைக்குள் போக வேண்டியது. இருபது வருஷமாக அவர் கை அப்படித்தான் பழகியிருக்கிறது.

"ஆனா நாப்பத்தொண்ணுதான் இருந்துச்சு. மிச்சத்துக்கு எப்ப வரும் சார்?"

சட்டைகள் அறுபது பெட்டிகளில் இருந்தன. எந்தப் பெட்டியில் எது என்று அவருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலை, பையர் அம்மா வருவதற்கு இரண்டு மணி நேரம் இருந்தது. கொக்கு சார் செக்கிங் பெண்கள் முன்னால் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, கெஞ்சினார். தன் வேலையை அவர்கள்தான் காப்பாற்ற வேண்டும் என்றார். இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தேய்த்தார்.

பெண்கள் பூதக்கண்ணாடியைப் பார்த்தார்கள்.

"தேடித் தர்றோம். ஆனா நின்னுக்கிட்டு இல்ல" என்றாள் அவள்.

"உக்கார வெக்க நான் எங்கம்மா போவேன்?"

அவள் பெட்டிகளைக் காட்டினாள். தேடி முடித்த பெட்டியை மூடி அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, தேடாத பெட்டியைத் திறந்தார்கள். உட்கார்ந்து பார்த்தபோது ஒரு அதிசயம் தெரிந்தது. வழக்கமாக மதியம் வரை இழுக்கிற வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. யாருக்கும் கண் சொக்கவில்லை. பேச்சும் சிரிப்புமாகச் சட்டைகள் பறந்தன. ஒருத்தி காலை நீட்டிப் பார்த்துவிட்டு, தன் காலுக்குப் பாதம் என்று ஒன்று இருப்பதே இப்போதுதான் ஞாபகம் வருகிறது என்றாள்.

நாற்பது சீட்டுகள் அவர் கைக்கு வந்தன. இன்னும் ஒன்றுதான். பூதக்கண்ணாடி கடைசிப் பெட்டியை மூடிவிட்டு, இதில் ஒன்றும் இல்லை சார் என்று கையை விரித்தாள். கதவு திறந்தது.

மேனேஜர் ஒருக்களித்து நடந்தபடி பையர் அம்மாவை உள்ளே கூட்டிவந்தார். நாற்பத்தொரு பெண்களும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. ஆனால் பையர் அம்மா முகம் மலர்ந்தது.

"அட, இங்க செக்கிங் ஆளுங்களை உக்கார வெச்சிருக்கீங்களே. நான் போன எந்தக் கம்பெனியிலயும் இதைப் பார்க்கல."

"எங்க கொள்கையே அதுதாம்மா" என்றார் மேனேஜர். எவ்வளவு காலமாக என்று அந்த அம்மா கேட்கவில்லை. பக்கத்திலிருந்த பெட்டியைத் திறந்து ஒரு சட்டையை எடுத்தார். அது பூதக்கண்ணாடி கடைசியாக மூடிய பெட்டி. பைக்குள் விரலை விட்டார். நாற்பத்தொன்றாவது சீட்டு வெளியே வந்தது.

கொக்கு சாருக்கு இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் ஊன்றிக்கொண்டன.

அந்த அம்மா சீட்டைச் சத்தமாகப் படித்தார். கீழே இருந்த பெயரையும் படித்தார். பூதக்கண்ணாடி எழுந்து, நான்தாம்மா என்றாள். ஒரு நூல் பிசிறைக்கூட விடாதவள் தன் சொந்தச் சீட்டை எப்படி விட்டாள் என்று கொக்கு சார் அவளைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"உங்க கையில என்ன சார்?" என்று பையர் அம்மா அவரைக் கேட்டார்.

மறைக்க இடமில்லை. நாற்பதையும் கொடுத்தார். அந்த அம்மா ஒவ்வொன்றாகப் படித்தார். முழங்கால், சாய்வு, பன்னிரண்டு மணி நேரம், பெருவிரல் ரேகை. ஹாலில் ஒரு மிஷின்கூட ஓடவில்லை. கடைசிச் சீட்டுக்குப் பிறகு மேனேஜரிடம் திரும்பினார்.

"கேட்டிருக்காங்க. நீங்க பெட்டி மேல உக்கார வெச்சிருக்கீங்க. அடுத்த வாரத்துக்குள்ள ஒரு சீட்டுக்கு ஒரு ஸ்டூல், சாய்வோட. போட்டோ எனக்கு வரணும். அந்த 'மகிழ்ச்சியான கைகள்' கார்டை நிறுத்தி வெக்கறேன். மொதல்ல கால் மகிழட்டும், அப்புறம் கையைப் பத்திப் பேசலாம்."

பிறகு கொக்கு சாரைப் பார்த்து, ஆட்களிடம் எழுதி வாங்கிப் பத்திரமாகக் கையில் வைத்திருக்கிற சூப்பர்வைசரை இப்போதுதான் பார்க்கிறேன், இவரை விட்டுவிடாதீர்கள் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெஞ்சுகள் இடி இடித்தன.

அடுத்த புதன்கிழமை ஸ்டூல்கள் வந்து இறங்கின. மேனேஜர் சீட்டுகளை எண்ணி, அதே கணக்காக வாங்கியிருந்தார். ஒன்று குறையவில்லை, ஒன்று கூடவில்லை. நாற்பத்தொரு பெண்களும் உட்கார்ந்தார்கள். சாய்ந்து பார்த்தார்கள். சுற்றிப் பார்த்தார்கள். பெருவிரல் வைத்தவள் தன் ஸ்டூலைத் துணியால் இரண்டு தடவை துடைத்தாள். அத்தனை பேருக்கும் நடுவில் கொக்கு சார் மட்டும் விசிலோடு நின்றார். நின்றாலும் சிரிப்பு அடங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சுடுதண்ணீர் வாளிக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு, நடந்ததையெல்லாம் முதல் தடவையாக மனைவியிடம் சொன்னார். கோஷம், பெட்டி, பூதக்கண்ணாடி பார்த்த கூரை. சொல்லச் சொல்ல அவளும் சிரித்தாள்.

"எழுதிக் குடுத்தவங்க எல்லாருக்கும் ஸ்டூல் வந்திருச்சு. நான் எழுதிக் குடுக்கல, நிக்கறேன்" என்றார். "எல்லாத்துக்கும் காரணம் அந்த மொத சீட்டுதான். அதை எழுதின மகராசி யாருன்னு கடைசி வரைக்கும் தெரியலையே."

மனைவி சிரிப்பதை நிறுத்தினாள்.

"மன்றத்துல ஒரு வருஷமா எழுத்துப் படிச்சு, மொதமொதல்ல உங்க காலுக்காக ஒரு மனு எழுதி, மேனேஜர்கிட்ட குடுங்கன்னு மழை பெஞ்ச அன்னைக்குக் காலையில உங்க சட்டைப் பையில வெச்சு விட்டேனே, அதைக் குடுத்தீங்களா இல்லையா?"