ரொட்டியைத் தர மறுத்த சொந்தக்காரர்

உலகத்திலுள்ள கிறிஸ்தவர்கள் அத்தனை பேரிலும், ‘நாமெல்லாம் கடவுளுடைய ஒரே குடும்பம்’ என்று பிரசங்கத்தில் சொன்னதை அப்படியே நம்பித் தொலைத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் ஏற்காடு கடைவீதியில் பன் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நாமெல்லாம் அந்தப் பிரசங்கத்துக்குத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். அவர் அந்தக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு உள்ளே வந்து, “என்ன கொழம்பு?” என்று கேட்பார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். ஊரில் அவர் பெயர் சொந்தக்காரர்.

எழுபதுகளில் நாகலூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. எஸ்டேட் பாஷையில் ஜூனியர் ரைட்டர். ஏற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி டிரங்குப் பெட்டியோடு விழித்துக்கொண்டு நின்றேன். புருவமெல்லாம் மைதா மாவோடு ஓர் ஆள் எதிரில் வந்து நின்றார்.

“ஏனுங்க, கழுத்துல சிலுவை கிடக்குது. ஞானஸ்நானம் எடுத்தவருங்களா?”

“ஆமாங்க.”

“அப்ப தம்பி ஆயிட்டே. வா கண்ணு, சாப்பிடு” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ‘ங்க’ அந்த நொடியோடு போயிற்று. சாப்பாடு போட்டார். பெட்டியைத் திறந்து பார்த்தார். இரண்டு சட்டைகளை எடுத்துத் தன் ஆணியில் மாட்டிக்கொண்டார். அண்ணன் தம்பிக்குள் இதெல்லாம் சகஜம் என்றார்.

அவருடைய உறவுக் கணக்கு பயங்கரமானது. எஸ்டேட் முதலாளியின் மனைவி எங்கள் சர்ச்சில் திருவிருந்து எடுப்பவர், அதாவது ஏசுவின் நினைவாகப் பிட்டுக் கொடுக்கும் ரொட்டியை வாங்குபவர். ஒரே ரொட்டியில் பங்கு வாங்கியதால் அவர் தங்கச்சி. ஆகையால் முதலாளி மாப்பிள்ளை. ஒரு கிறிஸ்துமஸுக்கு பங்களாவுக்கே போய், “மாப்பிள்ளைக்கு நொம்பத்தான் கிராக்கி, மச்சான் ஊட்டுக்கு ஒரு எட்டு வரலியே” என்று வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். முதலாளிக்கு அன்று ரத்த அழுத்தம் ஏறியதாகப் பேச்சு.

பக்கத்து டீக்கடை பாய் ஒரு முறை கேட்டார்: “எல்லாருக்கும் மொறை வெச்சுக் கூப்பிடறீங்க. நான் உங்க சர்ச்சுக்கு வர்றதில்லையே, எனக்கு என்னங்க மொறை?”

“நீங்க பக்கத்து ஊடு பாய். சண்டை வந்தா சொந்தக்காரன் ஓடிப்போயிருவான். பக்கத்து ஊட்டுக்காரன் எங்க போவான்?”

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சர்ச்சில் திருவிருந்து. அதற்கான ரொட்டியைச் சுடுவது அவர் பொறுப்பு. பாஸ்டர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார், சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக்கொண்டு வந்தால் வசதி என்று. கேட்கவே மாட்டார். பெரிய வட்ட ரொட்டி ஒன்று, வெள்ளைத் துணியில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வருவார். “துண்டு துண்டா வந்தா அது கடைச் சரக்குங்க பாஸ்டர். முழுசா வந்து, அங்க எல்லாரு முன்னாடியும் பிய்யோணும். அப்பத்தான் ஒரே ரொட்டி.”

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கிற கதை. இனிமேல் சொல்லப்போவதை நினைத்தால் இன்றும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

என் ஆபீஸில் எனக்கு மேலே ஹெட் ரைட்டர் இருந்தார். எஸ்டேட்டில் முதலாளிக்கு அடுத்தபடி அவர்தான். சர்ச் கமிட்டியின் செயலாளரும் அவர்தான். அவர் இருமினால் நாங்கள் எழுந்து நிற்போம். அவருக்கு ஒரே மகன், செல்வின். சேலத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தான். எஸ்டேட் ஜீப் டிரைவர் தேவதாஸ் எங்கள் சபையைச் சேர்ந்தவர். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் உண்டு. இருக்கிற இடம் தெரியாத மனிதர்.

ஒரு நவம்பர் மாலை, தேவதாஸும் நானும் சேலத்தில் எஸ்டேட் சாமான் வாங்கிவிட்டு, லீவுக்கு வந்த செல்வினையும் ஏற்றிக்கொண்டு மலையேறினோம். பாதி மலையில் செல்வின் கெஞ்ச ஆரம்பித்தான். “அண்ணே, ஒரே ஒரு வளைவுண்ணே, நான் ஓட்டறேன்.” தேவதாஸ் மூன்று தடவை மாட்டேன் என்றார். நாலாவது தடவை சிரித்துக்கொண்டே ஸ்டீரிங்கை விட்டுவிட்டு நடுவில் நகர்ந்து உட்கார்ந்தார். நான் இடது ஓரத்தில் இருந்தேன். அடுத்த கொண்டை ஊசி வளைவில் திடீரென்று பனி இறங்கி ரோட்டை மூடியது. ஜீப் வலது பக்கச் சுவரில் போய் மோதி நின்றது.

செல்வினை இழுத்து வெளியே எடுத்தபோது அவனுக்கு நினைவில்லை. வலது முழங்காலுக்குக் கீழே பார்க்க முடியவில்லை. கீழே ஒரு பஸ் ஏறி வரும் சத்தம் கேட்டது. தேவதாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நான்தான் ஓட்டுனேன். சரீங்களா? அவங்கப்பா கோவம் உங்களுக்குத் தெரியும். காலும் போயி, அதுக்கு மேல அந்தப் பேச்சும் கேக்கோணுமா அவன்? குடுத்தது என் தப்புதானுங்க.”

நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் அது இரக்கம் என்றுதான் நினைத்தேன்.

செல்வினுக்குக் கால் போயிற்று. நினைவு திரும்பியும் அப்பாவுக்குப் பயந்து அவன் வாயைத் திறக்கவில்லை. துக்கத்தில் ஹெட் ரைட்டர், ‘டிரைவர் குடித்திருந்தான்’ என்றார். அவர் சொன்னால் எஸ்டேட்டில் மறுபேச்சு இல்லை. தேவதாஸுக்கு வேலை போயிற்று. கமிட்டி கூடி, அவர் திருவிருந்துக்கு வரக்கூடாது என்று முடிவு செய்தது. பாஸ்டர் நல்லவர், ஆனால் பயந்த சுபாவம். “கொஞ்ச காலம் வெளியில இருப்பா” என்று தேவதாஸிடம் சொல்லிவிட்டார்.

தேவதாஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முதல் ஞாயிறும் மனைவி மக்களோடு சர்ச்சுக்கு வந்து, வெளியே சில்வர் ஓக் மரத்தடியில் நின்றார். மழையிலும் நின்றார். உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நான் அவரைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். வாயைத் திறந்தால் என் வேலை போகும். அப்பா இல்லாத வீட்டில் என் சம்பளம்தான் அடுப்பு. இரக்கம் எந்த மாதத்தில் கோழைத்தனமாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. எதிர் மேஜையில் ஹெட் ரைட்டர். நடுவே ஆறடி தூரம். தினமும் எட்டு மணி நேரம்.

சொந்தக்காரருக்கு விஷயம் எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், குடும்பத்தில் நாலு பேர் பந்தியில் இல்லை என்பது மட்டும்தான். பாஸ்டரிடம் போய்ச் சண்டை போட்டார். கமிட்டியில் பேசினார். “குடிச்சே இருக்கட்டும். குடிக்கிற தம்பிக்குச் சோறு போடாம வெளியில நிறுத்தற ஊடு எந்த ஊருங்க?” என்றார். பைத்தியக்காரன் என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து ஈஸ்டர் வந்தது. அன்றும் திருவிருந்து உண்டு. முந்தின வாரம் பெய்த மழையில் மலை முழுக்கக் காப்பிச் செடி பூத்து, சர்ச்சுக்குள்ளே கூட மல்லிகைக் கடை மாதிரி மணந்தது. கூட்டம் நெரிந்தது. செல்வினும் கட்டையூன்றி வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஆராதனை திருவிருந்து வரைக்கும் வந்தது. மேஜையில் வெள்ளை விரிப்பு, கிண்ணத்தில் திராட்சரசம், காலித் தட்டு. பாஸ்டர் வழக்கம் போல முதல் பெஞ்சைப் பார்த்தார். சொந்தக்காரர் ரொட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் இருமினார். இவர் அசையவில்லை.

“கொண்டு வாங்கண்ணே” என்றார் பாஸ்டர், மெதுவாக.

“குடும்பம் இன்னும் வந்து சேரலீங்க பாஸ்டர். வரட்டும், வெக்கறேன்.”

ஹெட் ரைட்டர் எழுந்தார்.

“யாரைச் சொல்றே?”

“மரத்தடியில நிக்கறவனத்தானுங்க மாமா.” ஹெட் ரைட்டர் அவருக்கு மாமா முறை. எதற்காக என்று யாருக்கும் தெரியாது.

“குடிச்சுட்டு வண்டி ஓட்டி எம்பையன் காலை எடுத்தவன் மண்டி போடற எடத்துல நான் போடமாட்டேன்.”

“வேண்டாமுங்க. அப்ப யாருக்கும் ரொட்டி வேண்டாம். எல்லாரும் ஊட்டுக்குப் போலாம்.”

ஹெட் ரைட்டர் முன்னால் வந்து ரொட்டியைப் பிடித்தார். இவர் விடவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு பேர், ஈஸ்டர் அன்று, பீடத்துக்கு முன்னால் ஒரு ரொட்டியை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். வேறு நாளாக இருந்தால் விழுந்து புரண்டு சிரித்திருப்பேன். அன்று ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஹெட் ரைட்டரின் இன்னொரு கை மேலே போய்விட்டது. அடிக்கப் போகிறார் என்று தெரிந்தது. சொந்தக்காரர் கண்ணை மூடிக்கொண்டாரே தவிர, பிடியை விடவில்லை.

நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது.

“அவரு குடிக்கலீங்கய்யா.”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் ஹெட் ரைட்டருக்குக் கேட்டுவிட்டது. திரும்பினார்.

“அவரு வண்டியும்...” என் கண் செல்வின் பக்கம் போயிற்று.

“நான்தாம்ப்பா ஓட்டுனேன்” என்றான் செல்வின். தலையைக் குனிந்தபடியே சொன்னான்.

ஹெட் ரைட்டரின் கை ரொட்டியிலிருந்து நழுவியது. மகனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“நீ அந்த வண்டியில எங்க இருந்தே?”

“முன்சீட்டுலீங்கய்யா.”

“இத்தனை மாசமா எம்முன்னாலதான உக்காந்திருந்தே?”

“ஆமாங்கய்யா.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். சொந்தக்காரர் ரொட்டியைக் கட்டிக்கொண்டு அவர் பின்னால் ஓடினார். நாங்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினோம். மரத்தடியில் தேவதாஸ் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். ஹெட் ரைட்டர் அவருக்கு நேர் எதிரில் நின்றார். உதடுகள் அசைந்தன. ஒன்றும் கேட்கவில்லை.

அங்கே என்ன பேசினார்கள் என்று சொந்தக்காரர் பிறகு சொன்னார். ஹெட் ரைட்டர் கேட்டது ஒரே கேள்விதானாம்.

“எம்பையன் எப்பிடி ஓட்டுனான்?”

“நல்லாத்தாங்க ஓட்டுனான். சிரிச்சுக்கிட்டே ஓட்டுனான். பனிதானுங்க. ஸ்டீரிங்கைக் குடுத்தது எந்தப்புங்க.”

ஹெட் ரைட்டர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாராம். பிறகு, “உள்ள வா” என்றாராம். மன்னிப்பு என்ற வார்த்தையை இருவருமே சொல்லவில்லை.

ஹெட் ரைட்டர் முன்னால் வர, தேவதாஸ் குடும்பம் பின்னால் வந்தது. பாஸ்டர் பதற்றத்தில் புத்தகத்தில் இடத்தைத் தொலைத்துவிட்டு, ஆராதனையை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார். பாவ அறிக்கையை மறுபடியும் சொன்னோம். முதல் தடவை முணுமுணுத்தவர்கள் எல்லாம் இந்தத் தடவை வாய்விட்டுச் சொன்னார்கள். ரொட்டி விரல் பள்ளங்களோடு தட்டில் ஏறியது.

மண்டியிடும் மரக்கிராதியில் ஒரு முனையில் தேவதாஸ், மறுமுனையில் ஹெட் ரைட்டர். நடுவே மூன்று பேர் இருக்கலாம்; ஒருவரும் போகவில்லை. சொந்தக்காரர் போய் நட்டநடுவில் மண்டி போட்டு, “மாமா, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க, காத்தடிக்குது” என்றார். ஹெட் ரைட்டர் ஓர் அங்குலம் நகர்ந்தார். அவ்வளவுதான் நகர்ந்தார். அது போதுமாக இருந்தது.

நான் பெஞ்சிலேயே இருந்தேன். எனக்கு அங்கே போகத் தகுதியில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது. சொந்தக்காரர் மண்டி போட்டபடியே திரும்பிச் சர்ச்சுக்கே கேட்கும்படி கத்தினார்:

“ஏண்டா கண்ணு, உனக்குத் தனியாப் பத்திரிகை வெச்சுக் கூப்பிடோணுமா? வாடா.”

போனேன். ஹெட் ரைட்டருக்கும் சொந்தக்காரருக்கும் நடுவேதான் இடம் இருந்தது. ரொட்டித் துண்டு கைக்கு வந்தபோது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது போலப் பட்டது. ஈரமாகவும் இருந்தது, அது என் உள்ளங்கை வியர்வையாக இருக்கும்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஹெட் ரைட்டர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் மூன்று மாதம் பேசவும் இல்லை. ஒரு மத்தியானம் தலை நிமிராமல், “சாப்பிட்டியா?” என்று கேட்டார். நான் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். தேவதாஸ் எஸ்டேட் ஜீப்பை மறுபடி தொடவில்லை. சொந்தக்காரரின் பன் கூடையைச் சைக்கிளில் வைத்து நாகலூர் வரைக்கும் விற்றார், பிறகு ஒரு லாரிக் கம்பெனியில் சேர்ந்தார். பன் விற்ற நாட்களில் செல்வின் அவருக்காக ரோட்டோரம் கட்டையூன்றிக் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சொந்தக்காரர் மட்டும் மாறவில்லை. அந்த ஞாயிறு மத்தியானமே ஹெட் ரைட்டர் வீட்டுக்குப் போய், “அத்தை, என்ன கொழம்பு?” என்று கேட்டிருக்கிறார்.

பல வருஷம் கழித்து, நான் கோயமுத்தூரில் வேறு வேலையில் இருந்தபோது, சொந்தக்காரர் இறந்துபோனதாக டீக்கடை பாய் தந்தி அடித்தார். லீவு கேட்டுப் போனேன். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று மேனேஜர் கேட்டார். அண்ணன் என்றேன். சொந்த அண்ணனா, பெரியப்பா மகனா என்று கேட்டார், சொந்த அண்ணனென்றால் மூன்று நாள் கொடுக்கலாம் என்று சட்டமாம்.

சொந்த அண்ணன்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தயங்காமல் நான் வேறு எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.