மூட்டை மாறி வந்த சிவப்புப் பட்டு

அன்பும் மரியாதையும் மிகுந்த யாஹெய் அத்தான் அவர்களுக்கு, கியோத்தோவிலிருந்து மைத்துனன் மொசுகே வணங்கி எழுதுவது. இங்கே செர்ரிப் பூவெல்லாம் கொட்டி, மழை பிடித்துக்கொண்டது. கனசாவாவில் தாங்களும் அக்காவும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். தாங்கள் பார்த்திருக்கும் சோயா வியாபாரி வரனையே என் மகள் சயோவுக்கு முடித்துவிடுங்கள். அந்த நெசவுக்காரப் பயல் கென்சோவுக்கு என் உயிர் இருக்கிறவரை பெண் கிடையாது!

நடந்ததைக் கேளுங்கள். நேற்று, முகமூடி போட்டு ஆடும் எங்கள் நோ நாடகக் குழுவின் தலைவர் ஒகுமுரா ஐயா, தொலைந்த பிள்ளையைத் தேடும் தாயாக ஆட வேண்டும். அவருக்கு உடுத்தி, உடை நழுவாமல் உடம்போடு தைத்துவிடுகிறவன் நான். உடையில் சிவப்பு இருந்தால் குமரி, சிவப்பே இல்லாவிட்டால் வயதானவள். எங்கள் தொழிலில் இது கைக்குழந்தைக்கும் தெரியும். கென்சோ நெய்து அனுப்பிய மூட்டையைப் பிரிக்கிறேன், சிவப்பும் ஜரிகையுமாகத் தகதகவென்று ஒரு பட்டங்கி! தாய் வேஷத்துக்குச் சிவப்பா என்று மூட்டையைத் திரும்பக் கட்டப் போனேன். அதற்குள் ஐயா, எழுபது வயது மனிதர், அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "மொசுகே, உடம்போட வச்சுத் தச்சுடுய்யா!"

"ஐயா, நீங்க அம்மா!"

"இருபது வருஷமா அம்மாதானே? இன்னிக்கு ஒரு நாள் குமரியா இருந்துட்டுப் போறேனே!" கண்ணாடி முன்னால் தலையைச் சாய்த்து நாணுகிறார், அத்தான்! மேளக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அப்போது கென்சோ இன்னொரு மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். "ஐயா, கழட்டுங்க! மூட்டை மாறிப்போச்சு. அது கல்யாண அங்கி!"

"யாருக்குடா கல்யாணம்?" என்றேன்.

"எங்களுக்குத்தாங்க" என்கிறான்! அவனுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்பவள் யாரென்று பார்த்தால், என் மகள்!

ஐயாவோ, "என்னையும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாத்தான் கழட்டுவேன்" என்று அடம். கூப்பிட்டார்கள். கழற்றினார். தாயாக ஆடி ஊரையே அழவைத்தார். பெற்ற அப்பன் எனக்கு இன்னும் அழைப்பில்லை! இந்த மானக்கேட்டுக்குப் பிறகு எப்படிப் பெண் கொடுப்பேன், நீங்களே சொல்லுங்க.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

தங்கள்,
மொசுகே

பி.கு.: அங்கியை வாங்கிப்போக அவன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். மூஞ்சியிலேயே விட்டெறியலாமென்று எடுத்தேன். அளவாவது சரிதானா என்று சயோவின் தோளில் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். பாவி, என்னமாய் நெய்திருக்கிறான்! அழுதுவிட்டேன், அத்தான். சோயா வரனிடம் எதையாவது சொல்லிச் சமாளியுங்கள். மடிக்க ஒரு கை குறைந்ததென்று, வாசலில் நின்றவனை வாய் தவறி "மாப்பிள்ளே"ன்னு கூப்பிட்டுட்டேன். "இதோ வந்துட்டேன் மாமா"ன்னு உள்ளே வந்தவன், இன்னும் போகவில்லை.