வாங்குகிறவருக்கு மட்டும் பத்து நாள்

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் நிறைந்த ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஊரார் பற்களெல்லாம் வழக்கம்போல் சொத்தையாகி, உங்கள் கிளினிக் மேன்மேலும் செழிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அதிலும் நான் இன்று காலை பத்தரை மணியிலிருந்து மிக மிக நலம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போக லாரி அனுப்புவதாகச் சொல்லியிருந்தீர்கள். லாரி வேண்டாம். வீடு விற்கவில்லை. நாங்கள் வரவில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் என் மகள் அழுவாள், நீங்கள் "பேஷண்ட் இருக்காங்க, அப்புறம் பேசலாம் மாமா" என்பீர்கள். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தவர் நீங்கள்தான் என்பதைப் பணிவோடு நினைவுபடுத்துகிறேன். போன விடுமுறைக்கு வந்தபோது எங்கள் சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "ரெண்டு பேருக்கு எதுக்கு மாமா இவ்ளோ பெரிய வீடு? வித்துட்டு எங்ககூட வந்துடுங்க. கிளினிக்குக்குப் பின்னாடி ரெண்டு ரூம் சும்மாதான் கெடக்கு" என்றீர்கள். எனக்கு அங்கே பொழுது போகாதே என்றேன். "ஏன் போகாது? முன்னாடி மேஜையில உக்காந்து டோக்கன் குடுங்க, நேரம் பறந்துடும்" என்றீர்கள். டோக்கன் கொடுத்த பெண் அதற்கு முந்தின வாரம்தான் வேலையை விட்டுப் போயிருந்தாள் என்பதை என் மகள் பிற்பாடு வாய் தவறிச் சொன்னாள். வலி தெரியாமல் பிடுங்குவதில் நீங்கள் கெட்டிக்காரர் என்று ஊரே சொல்கிறது. நானும் அத்தாட்சி தருகிறேன். என்னை இந்த வீட்டிலிருந்து பிடுங்கியபோது எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மரத்துப்போனது தெளிந்த பிறகுதான் வலித்தது.

தரகர் ஒரு தம்பதியைக் கூட்டிவந்தார். கணவர் குழாய் மெக்கானிக், மனைவி தையல்காரர். பார்த்தவுடனே பிடித்திருக்கிறது என்றார்கள். வக்கீல் ஆபீசில் முன்பண ஒப்பந்தம் தயாராயிற்று. அதில் ஆறாவது பிரிவு, வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போட்ட பத்து நாளைக்குள், காரணம் எதுவும் சொல்லாமல், ஒரு கடிதம் எழுதி விலகிக்கொள்ளலாம், கொடுத்த முன்பணம் முழுசாகத் திரும்பக் கிடைக்கும் என்று சொன்னது. நான் சும்மா இருப்பேனா? முப்பத்து நான்கு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்து, கடை கடையாக ஏறித் தராசும் படிக்கல்லும் சரிபார்த்து, குறை கண்டுபிடித்தே பென்ஷன் வாங்குகிறவன். "பத்து நாளா? அதுக்குள்ள நாலு வீடு பாத்துட்டு ஓடிடுவாங்க. அஞ்சாக் குறைங்க" என்று மேஜையைத் தட்டினேன். வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சார், இது வாங்கறவங்களுக்காகப் புதுசா வந்த சட்டம். நீங்களும் குறைக்க முடியாது, நானும் குறைக்க முடியாது" என்றார். அந்தப் பத்து நாளை அவர் குறைக்காமல் விட்டதற்கு அவர் குடும்பம் பல்லாண்டு வாழ வேண்டும்.

ஏனென்றால் மறுநாள் காலை பால் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், நம் வீட்டு கேட்டில் 'விற்பனையாகிவிட்டது' என்று தரகர் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். நான் சாவியை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறக்கப் போனால், அடுத்த வீட்டுக்காரர், "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார். அவர் வேடிக்கைக்குத்தான் கேட்டார். நான்தான் சாவியைப் பூட்டில் போடாமல் அங்கேயே நின்றுவிட்டேன். மாப்பிள்ளை, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு இந்த வீட்டைவிட்டுப் போக மனசில்லை. உடனே வக்கீலுக்குப் போன் போட்டேன். "விக்கிறவருக்கு எத்தனை நாள் சார்?" என்றேன். "எதுக்கு?" என்றார். "விலகிக்கறதுக்கு." "விக்கிறவருக்கு ஒரு மணி நேரங்கூடக் கெடையாது. நீங்க கையெழுத்துப் போட்டா போட்டதுதான்." ஆக, விலக முடிந்தவர்கள் விலக விரும்பவில்லை, விலக விரும்புகிறவன் விலக முடியாது. பாக்கி ஒன்பது நாளுக்குள் அவர்களாக விலகினால்தான் உண்டு.

மூன்றாம் நாள் அந்தத் தம்பதியை, வீட்டைப் பழக்கப்படுத்துகிறேன் என்று தேன் தடவிய குரலில் கூப்பிட்டேன். நேரே குளியலறைக்குக் கூட்டிப்போய், ஒழுகும் குழாயைக் காட்டி, "இது ஒழுக ஆரம்பிச்சா நிக்கவே நிக்காது, பாத்துக்குங்க" என்றேன். மெக்கானிக் அப்படியே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, குழாயை விரலால் தட்டிப் பார்த்து, ஏதோ தொலைந்துபோன உறவினரைக் கண்டுபிடித்தவர் மாதிரி, "அசல் பித்தளை சார்! இப்ப எங்க தேடினாலும் கெடைக்காது. ஏம்மா, இங்க வந்து பாரேன்!" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். ஐந்தாம் நாள், எதிர்வீட்டுக்காரர் பேண்டு வாத்தியக்காரர், விடிந்து எழுந்தால் கிளாரினெட் ஊதிப் பழகுவார், காதில் பஞ்சு வைத்தாலும் கேட்கும் என்று பயமுறுத்தினேன். தையல்காரம்மா பெருமூச்சு விட்டார், ஆனால் நிம்மதிப் பெருமூச்சு. "நாள் பூரா என் மிஷின் ஓடற சத்தத்துக்கு இப்ப இருக்கற வீட்டுல தெனமும் சண்டை சார். இங்க யாரும் வாயே தெறக்க முடியாது" என்றார். ஆறாம் நாள் மழை. தெருவில் முழங்காலளவு தண்ணீர். நானே குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, வந்து பாருங்கள் என்று போன் பண்ணினேன். மெக்கானிக் வந்து பார்த்தார். தெருவில் எத்தனை வீடு, எத்தனை சாக்கடை மூடி என்று எண்ணினார். "தெருவுக்கே நான் ஒருத்தன்தான் மெக்கானிக்கா சார்? ஆயுசுக்கும் வேலை இருக்கு!" என்று தண்ணீரிலேயே நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் காட்டிய குறையெல்லாம் அவருக்குப் பிழைப்பாகிக்கொண்டிருந்தது.

உங்கள் அத்தையோ எனக்கு அனுசரணையாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தால், அவர்கள் வரும்போதெல்லாம் டீ போட்டுக் கொடுத்து, "நல்ல வெளிச்சம், நல்ல தண்ணி, ரெண்டு நிமிஷத்துல பஸ் ஸ்டாப்" என்று தரகரைவிட நன்றாக விற்றாள். அட்டைப்பெட்டிகள் வாங்கிவந்து, சமையலறையை முக்கால்வாசி கட்டிவைத்தும்விட்டாள். இரண்டு டம்ளர், ஒரு பாத்திரத்தில்தான் பத்து நாளாகக் குடித்தனம். இவளுக்கென்ன இவ்வளவு அவசரம் என்று எனக்குப் புரியவில்லை. முப்பத்தொரு வருஷம் வாழ்ந்த வீடு!

எட்டாம் நாள் வாய்ப்பேச்சை விட்டுவிட்டு என் தொழிலுக்குத் திரும்பினேன். டேப்பும் மட்டப்பலகையும் எடுத்துக்கொண்டு வீட்டை மேலிருந்து கீழாக ஆய்வு செய்தேன். துறையில் எழுதுகிற மாதிரியே அறிக்கை, வரிசை எண், குறையின் தன்மை, அளவு, கடுமை, கடைசியில் என் கையெழுத்து. மொத்தம் நாற்பத்து மூன்று குறைகள். குறைகளைத் தேடி அதிகம் அலையவில்லை என்பதுதான் ஆச்சரியம். எந்த அறைக்குள் நுழைந்தாலும், அங்கே என்ன கோளாறு என்று எப்போதோ யாரோ காதில் ஓதியிருந்த மாதிரி, கை தானாகப் போய் அங்கே நின்றது. ஒரு பிரதியைத் தம்பதிக்கும் இன்னொன்றைத் தரகருக்கும் கூரியரில் அனுப்பினேன்.

இன்று பத்தாம் நாள். காலை பத்தரைக்குத் தரகர் போன் செய்தார். குரலில் உயிரே இல்லை. "சார், அவங்க விலகிட்டாங்க. லெட்டர் குடுத்துட்டாங்க." குறைகளைப் பார்த்துப் பயந்துவிட்டார்களா என்று கேட்டேன். "இல்ல சார். மெக்கானிக் எல்லாத்தையும் நானே சரி பண்ணிடுவேன்னார். அந்தம்மாதான் லிஸ்டைப் படிச்சுட்டு, 'நாம ஒரு ஆணி அடிச்சாக்கூட இந்த மனுஷன் டேப்போட வந்து நிப்பாரு, வேண்டாம்'னுட்டாங்க" என்றார். எந்தக் காரணமானால் என்ன, சட்டத்தில்தான் காரணமே கேட்கக் கூடாதே. கேட்டில் இருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு வந்துதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே மாப்பிள்ளை, பின்னறை இரண்டையும் உங்கள் பல் கட்டும் சாமான்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் மேஜைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை, பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். கேட்டால் சந்தோஷத்தில் திக்குமுக்காடிப் போவாள். என்ன இருந்தாலும் தன் வீடு அல்லவா? எங்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். இந்த வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளும் நிறைந்த வருமானமும் பெற்று, ஒருவர் சொல் ஒருவர் கேட்டு, மனமொத்து வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் நாலு வரி சேர்க்க வேண்டியிருக்கிறது. நான் ஸ்டாம்பு வாங்கத் தபால் ஆபீசுக்குப் போன நேரத்தில் தரகரின் ஆள் வந்து, விலகல் கடிதத்தையும் அதோடு என் நாற்பத்து மூன்று குறை அறிக்கையையும் உங்கள் அத்தையின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நான் வரும்போது அவள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏழாவது என்னன்னு படிங்க" என்றாள். படித்தேன். 'சமையலறை ஜன்னல் அறவே திறக்காது. புகை வெளியேற வழியில்லை. சமைப்பவருக்கு மூச்சுத் திணறும். கடுமை: மிக அதிகம்.'

"இருபத்தாறு வருஷமா தெறக்கல தெறக்கலன்னு நான் சொன்னப்ப என்ன சொன்னீங்க?"

பதிலையும் அவளே சொன்னாள். "நல்லாத்தான் இருக்கு, உனக்குத் தெறக்கத் தெரியலன்னு சொன்னீங்க. பத்தொன்பதாவது?"

'மாடிப்படியில் நான்காம் படி மற்றவற்றைவிட இரண்டு சென்டிமீட்டர் உயரம். விழுவது நிச்சயம்.'

"மூணு தடவை விழுந்தேன். கண்ணு தெரியாதான்னு கேட்டீங்க. அளந்தது யாரு?"

"நான்தான்."

"எப்ப?"

"முந்தாநாள்."

"நான் சொன்னா ஒரு குறையும் இல்ல. ஊரார் வாங்கக் கூடாதுன்னா நாப்பத்து மூணு. அத்தனையும் நான் சொன்னது, ஒண்ணு விடாம. கீழ உங்க கையெழுத்து." கோபத்தில் கத்தக்கூட இல்லை. தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "அந்தம்மா ரெண்டு நாள்ல புரிஞ்சுக்கிட்டா. எனக்குத்தான் முப்பத்தொரு வருஷமாயிடுச்சு. நானும் விலகிக்கறேன். காரணம் நீங்களே எழுதிட்டீங்க, நான் வேற எழுத வேண்டாம்."

வேறு ஆளுக்காவது விற்றுவிடலாமா என்று தரகரைக் கேட்டேன். உரிமையாளரே கையெழுத்துப் போட்ட குறைப் பட்டியலை இனி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டித்தான் ஆக வேண்டுமாம், அதைப் படித்துவிட்டு எவன் வாங்குவான் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

எழுதிய ஆவணத்தைக் கிழிப்பது என் வழக்கமில்லை. அதனால் மேலே உள்ளதை அப்படியே அனுப்புகிறேன். உங்களைப் பற்றி எழுதிய மூன்றாவது பாராவை மட்டும் படிக்காமல் தாண்டிவிடுங்கள், படித்திருந்தால் மன்னித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை லாரி வரட்டும். ஒரு ஆள்தான் வருகிறேன் என்று உங்கள் அத்தை சொல்கிறாள். இரண்டாவது ஆளுக்கும் இடம் உண்டா என்று நீங்கள்தான் அவளிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். நான் கேட்டால் காதில் விழாதது போல் பெட்டிக்குக் கயிறு கட்டுகிறாள்.

இன்று மதியம் அவள் படுத்திருந்தபோது அந்த ஜன்னலைத் திறந்துவிட்டேன். பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஒரு பழைய கத்தி, இருபது நிமிஷம். இதை மட்டும் தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.