வெளியாளுக்கு ஒரு கதவு

கோர்டி எலுமிச்சை பார் என்ற இனிப்புத் துண்டுகளைத் தட்டோடு கொண்டுவந்து மேசையில் வைத்தபோதே ஏதோ கெட்ட செய்தி என்று மார்லிஸுக்குத் தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் வடகோடியில் ஏரிக்கரை ஊரான டுலூத்தில் கெட்ட செய்தியை யாரும் வாயால் சொல்வதில்லை. தின்னக் கொடுத்துவிட்டு, வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

“ஏரிப் பக்கம் ஒரே மூட்டமா இருக்குல்ல?” என்றார் கோர்டி. அவளுக்கு மேலாளர்.

“நவம்பர்ல வேற எப்படி இருக்கும்?”

“அதுவும் சரிதான்.” அவர் நகரவில்லை. “ஒரு சின்ன வேலை. நம்ம கிடங்குக்கு வெளியிலேருந்து ஒருத்தர் வந்து போகணும். பாதுகாப்பா ஒரு வழி பண்ணிக் குடுத்துடுங்களேன். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சா போதும்.”

“வெளியிலேருந்தா? யாரு?”

“நம்ம வேலை நல்லாத் தெரிஞ்சவங்கதான்.” அவர் கண் தட்டைவிட்டு அகலவில்லை. “இனிமே எல்லாம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும், மார்லிஸ். உங்களுக்குப் புரியும்னு நினைக்கிறேன்.”

புரியாமல் என்ன? அவர் போனபிறகு அவள் ஒரு பாரை எடுத்துக் கடித்தாள். மோசமில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

பள்ளிப் பேருந்து எங்கே வருகிறது என்று பெற்றோரின் கைபேசியில் காட்டுகிற நிறுவனம் அது. அதற்கான நிரல்களையெல்லாம் இமேஜ் என்ற பொட்டலங்களாகக் கட்டி, ரெஜிஸ்ட்ரி என்ற ஒரு சேமிப்பிடத்தில் அடுக்கி வைத்திருந்தாள் மார்லிஸ். கிடங்கு என்றுதான் எல்லாரும் அதைச் சொல்வார்கள். இருபத்திரண்டு கணினிகள் சேர்ந்த கிளஸ்டர், வேண்டியதை அதிலிருந்து எடுத்து ஓட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தான் வழி. வெளியுலகத்தைப் பார்த்து ஒரு ஜன்னல்கூட அவள் வைக்கவில்லை. இப்போது அவள் கையாலேயே கதவு வைக்கச் சொல்கிறார்கள், அவள் இடத்துக்கு வரப்போகிறவனுக்காக.

பதினேழு வருஷ வேலை. அதை நினைத்துக்கூட அவள் அவ்வளவாகக் கலங்கவில்லை. கணவன் வர்லினுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அது ஓடுவது அவளுடைய காப்பீட்டில். காப்பீடு நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவனிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. மூட்டத்தைப் பற்றிப் பேசினாள்.

செவ்வாய்க்கிழமை கதவை வைத்தாள். கிடங்குக்கு வெளியிலிருந்து கூப்பிட ஒரு பெயர், இதுதான் அந்தக் கிடங்கு என்று காட்ட ஒரு புதுச் சான்றிதழ். சான்றிதழில் அவளே கையெழுத்திட்டிருந்தாள். வெளியாளுக்கு அது போதும் என்று நினைத்தாள். உள்ளே இருந்த கணினிகளுக்குப் போதவில்லை. யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் நிற்பதுபோலப் பயந்து, கிடங்கிலிருந்து எதையும் வாங்க மறுத்துவிட்டன. மறுநாள் காலை மூன்று கணினிகள், தங்களிடம் பழசாகக் கிடந்த ஒரு வரைபட நிரலைத் தூசி தட்டி ஓட்டத் தொடங்கின.

ஏழரை மணிக்குத் தொலைபேசி அடித்தது.

“தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும்,” என்றாள் ஒரு தாய். “என் பொண்ணோட பஸ் ஏரிக்குள்ள நாலு மைல் தள்ளி நிக்குதுன்னு காட்டுது.”

“பஸ் ஸ்கூல் வாசல்லதாங்க இருக்கு. பயப்படாதீங்க.”

“தெரியும். நான் அதுக்குப் பக்கத்துலதான் நிக்கறேன். பொண்ணு கை ஆட்டறா. உங்ககிட்டச் சொல்லாம இருந்தா நல்லா இருக்காதேன்னு கூப்பிட்டேன்.”

அதுபோல நாற்பத்தொரு பேர். ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. யாராவது ஒருத்தர் திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

சான்றிதழை எல்லாக் கணினிகளுக்கும் கொடுத்து நம்பவைத்தாள். பேருந்துகள் கரையேறின. மூச்சு விடுவதற்குள், திறந்த கதவை எங்கெங்கிருந்தோ யார் யாரோ தட்டத் தொடங்கியிருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் நானூறு முறை. குறிப்பிட்ட முகவரிகளிலிருந்து மட்டும்தான் வரலாம் என்று அடைத்தாள். தட்டல் நின்றது. கோர்டியும் நின்றுபோனார்.

“மார்லிஸ், நான்தான் ஏதோ தப்பாப் பண்றேன்னு நினைக்கிறேன்,” என்றார் தொலைபேசியில். அன்று அவர் காட்டுக்குள் இருந்த தன் கேபின் என்ற மரவீட்டிலிருந்து வேலை பார்த்தார். “உள்ள விட மாட்டேங்குது.”

“உங்க கேபின் பட்டியல்ல இல்ல.”

“ஓ. நல்லது. நல்ல பாதுகாப்பு.”

அன்று மாலை வீட்டிலிருந்து அவளே நுழைந்து பார்த்தாள். கிடங்கு அவளையும் யாரென்று கேட்டுக் கதவைச் சாத்தியது. மார்லிஸ் சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

“என்ன?” என்றான் வர்லின், சாய்வு நாற்காலியிலிருந்து.

“ஒண்ணுமில்ல. கட்டினவளையே விடல. வர்றவனை மட்டும் விட்டுடுமா?”

வியாழக்கிழமை மேசையில் காட்டரிசி சூப் இருந்தது, மூடி போட்டு, சூடாக. கோர்டியைக் காணவில்லை. சூப்பைக் குடித்துக்கொண்டே அவள் விதிகளை எழுதினாள். வெளியாள் எடுக்கலாம், எதையும் வைக்கக் கூடாது. நுழைவுச் சாவி மாலை ஐந்து மணிக்குச் செத்துப்போகும். மறுநாள் புதுச் சாவி வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்கு அலுவலகத்துக்கு நேரில் வந்து, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். ஒரு நாள் தவறினால் கணக்கு முடங்கும். முடங்கினதைத் திறக்கப் பத்து நாள்.

இதில் எது பாதுகாப்பு, எது வன்மம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முகம் தெரியாத ஒருவன் பனியில் வண்டியைத் துடைத்துக் கிளப்பி, தினம் தினம் எட்டு மணிக்கு வந்து வரிசையில் நிற்பதைக் கற்பனை செய்தாள். அவன் வீட்டிலும் ஒரு நோயாளி இருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பைச் சூப்போடு சேர்த்து விழுங்கினாள். பதினேழு வருஷத்தில் இவ்வளவு கச்சிதமாக அவள் எதையும் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை மேசையில் ஹாட்டிஷ் என்கிற சுட்ட உணவு ஒரு முழுப் பாத்திரம் இருந்தது. மாட்டிறைச்சி, பட்டாணி, மேலே வரிசை பிசகாத உருளைக்கிழங்கு உருண்டைகள், அலுமினியத் தாள் மூடி. அந்த அளவில் சாவு வீட்டுக்குத்தான் கொண்டுபோவார்கள். சரி, இன்றைக்குச் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள். மதியம் வரை கோர்டி வரவில்லை. கதவை முடித்தாயிற்று என்று அனுமதிப் பிரிவில் சொல்ல அவளே கீழே இறங்கிப் போனாள்.

அங்கே டோய்வோ இருந்தான். கணக்குகளைத் திறப்பதும் மூடுவதும் அவன் வேலை. அவள் எழுதிய விதிகளைத் திரையில் ஒவ்வொன்றாகப் படித்தான்.

“அடேயப்பா. ஜெயில்ல இருக்கறவங்களைப் பார்க்கப் போறதுகூட இதைவிடச் சுலபம்.”

“பாதுகாப்பா வேணும்னாங்க.”

“வேணும்தான்.” அவன் தலையைச் சொறிந்தான். “மாத்த முடியுமா இதை?”

“முடியாது. பூட்டிட்டேன். மேலிடத்துல காலையிலேயே கையெழுத்துப் போட்டாச்சு. இனி ஆறு மாசத்துக்கு யாரும் தொட முடியாது.” அதைச் சொல்லும்போது அவள் குரலில் லேசாக ஒரு பெருமை வந்துவிட்டது.

டோய்வோ கோர்டி அனுப்பியிருந்த படிவத்தைத் திறந்தான். வெளியாளின் பெயரைப் பார்த்துத் தட்டச்சு செய்யத் தொடங்கி, நடுவில் நிறுத்தினான். அவள் பக்கம் திரும்பியபோது அவன் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது.

“நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. காலையில எட்டு மணின்னு போட்டிருக்கீங்களே, வர்லினை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போற நாள்ல என்ன பண்ணுவீங்க?”

“நான் எதுக்கு எட்டு மணிக்கு இங்க வந்து நிக்கணும்?”

டோய்வோ மேசை இழுப்பறையைத் திறந்து, உள்ளே இருந்த ஒரு குக்கீ டப்பாவை மெல்ல அவள் பக்கம் தள்ளினான்.

“கோர்டி சொல்லலையா? திங்கட்கிழமையிலேருந்து ஒப்பந்தத்துல வேலை பார்க்கப்போற அந்த வெளியாளே நீங்கதானே, மார்லிஸ்.”