ஆள் எண் 417

மறுபடியும் ஒன்று உதைத்தது. கூட்டிக் கழித்தால் நிலுவையில் 613 குற்ற வழக்குகள்தான் வர வேண்டும். பட்டியலில் 614 இருந்தது.

நெரெய்தா தலையைப் பிடித்துக்கொண்டாள். டெக்சஸ் எல்லையோரத்து ஃபெடரல் நீதிமன்றத்தில் புள்ளிவிவரம் அவள் பொறுப்பு. இன்று வெள்ளிக்கிழமை; ஐந்து மணிக்குள் அறிக்கை வாஷிங்டனுக்குப் போகாவிட்டால் இரண்டாவது நீதிபதி கிடையாது. இருக்கும் ஒரே நீதிபதி ஹோல்கமுக்கு எழுபத்திரண்டு வயது. காலையில் மட்டும் நாற்பது பேரை விசாரித்துவிட்டு, நாற்பத்தோராவது ஆளிடம் தன் பெயரையே மாற்றிச் சொல்லியிருந்தார்.

பட்டியலிலிருந்து ஒன்றைக் கழித்தாள். ‘ஆள் எண் 417-க்கு வழக்கு இல்லை’ என்று திரை சிவந்தது.

கழித்ததைத் திரும்ப வைத்துவிட்டு, புதிய வழக்குகளில் ஒன்றைக் கூட்டினாள். கணக்கு நேரானது. அனுப்பினாள். பத்தே நிமிஷத்தில் வாஷிங்டன் அதிகாரி ப்ரையர் போனில் வந்தார்.

"என்னம்மா, உங்க ஊர்ல குற்றம் ஏறுது?"

"ஒண்ணே ஒண்ணுதான் சார்!"

"ரெண்டு வருஷமா கோடு சமமா இருந்துச்சு. இப்ப மேல போகுது. ஏன்னு காரணம் எழுதணும். அந்த ஒண்ணு என்ன வழக்கு?"

அவளுக்குத் தெரிந்தால்தானே!

417-இன் கோப்பைத் தேடி அத்தனை கட்டுகளையும் தரையில் இறக்கினாள். வாசல் காவலர் ஒடிஸ் உதவிக்கு வந்தார்.

"எனக்கு 611 வருதும்மா."

"எனக்கு 617 வருது. ஐயோ, நீங்க எண்ணினதையே நானும் எண்ணிட்டேனா?"

"யாருக்குத் தெரியும்? நடுவுல போன் வந்துச்சு, விட்ட இடம் மறந்துபோச்சு."

417 மட்டும் எங்கும் இல்லை. மணி நாலே முக்கால். கறுப்பு அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி, கோப்புகளைத் தாண்டித் தாண்டி ஹோல்கம் வந்து சேர்ந்தார்.

"நெரெய்தா, இன்னொரு வருஷம் தனியா என்னால முடியாது. அந்த 417-ஐ முடிச்சுவிடுங்க."

"எப்படி முடிஞ்சுதுன்னு திரை கேக்குதே ஐயா?"

"‘மற்றவை’ன்னு ஒரு கட்டம் இருக்குல்ல? அது எந்தக் கூட்டல்லயும் சேராது."

"நிஜமாவே ஒரு ஆள் இருந்தா?"

"ஆள் இருந்தா காகிதம் இருக்குமே."

அவள் விரல் ஒரு கணம் தயங்கியது. கூட்டியதை எடுத்தாள். 417-ஐ ‘மற்றவை’யில் முடித்தாள். திரை பச்சையானது. அறிக்கையை மறுபடி அனுப்பினாள். நாலு ஐம்பத்தேழு. ஒடிஸ் கைதட்டினார். ஹோல்கம் அங்கியோடு அவளைக் கட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை பதில் வந்தது. கணக்கு சரி. பாராட்டுகள். போன வருஷத்தைவிட நிலுவை ஒன்று குறைந்திருப்பதால் இரண்டாவது நீதிபதி தேவையில்லை.

ஹோல்கம் அதை இரண்டு முறை படித்தார். அன்றைய நாற்பது பேரைப் பார்க்கப் போனார். அழுவதா, ராஜினாமா எழுதுவதா என்று நெரெய்தா யோசித்துக்கொண்டிருந்தபோது யாரோ ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார்கள். மெலிந்த மனிதர் ஒருவர், துணிமணி அடைத்த பிளாஸ்டிக் பையோடு நின்றார்.

"மன்னிக்கணும் மேடம். பதினோரு மாசமா ஜட்ஜைப் பாக்கணும்னு ஜெயில்ல காத்துக்கிட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கு முடிஞ்சிருச்சுன்னு வெளியே அனுப்பிட்டாங்க. வீட்டுக்குப் போனா பொண்டாட்டி கேப்பா... நான் ஜெயிச்சேனா, தோத்தேனா?"